அண்ணி எடுத்த ஒடுக்கு

என் அண்ணியைப் பற்றி நான் பெருமையாகப் பேச ஆரம்பித்தால், கேட்பவர்கள் முதலில் என் முகத்தைத்தான் பார்க்கிறார்கள். நாத்தனார் அண்ணியைப் புகழ்ந்தால் அதற்குள் ஏதோ வில்லங்கம் இருக்கும் என்று அவர்களுக்கு எண்ணம். ஒரு வில்லங்கமும் இல்லை. எங்களுக்குள் சண்டை வராத வாரம் கிடையாது. குளிக்கிற வாளியில் ஏதோ ஒரு பட்டாளத்துக் கான்வாஸ் பெல்ட்டை ஊறவைத்துவிட்டு அவர் வேலைக்குக் கிளம்பிவிட்டால், நான் வீடு அதிரக் கத்துவேன். அது வேறு, இது வேறு. அண்ணனை 'அவன்' என்றும் அண்ணியை 'அவர்' என்றும் எழுதுகிறேனே என்று கேட்காதீர்கள். தகுதி பார்த்துத்தான் எழுதுகிறேன்.

அண்ணிக்கு வேலை, அடிபட்ட கார்களுக்கு டிங்கரிங் செய்கிற பட்டறையில். கதவு நசுங்கி, முகப்பு சப்பையாகி வருகிற வண்டிகளின் தகட்டை உள்ளிருந்து தட்டித் தட்டி நேராக்குவார். கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் ஒருமுறை தடவினால் போதும், எங்கே மேடு, எங்கே பள்ளம் என்று சொல்லிவிடுவார். பட்டறையில் அவருக்கு 'ஒடுக்கு அக்கா' என்று பெயர். முதலாளிகூட அப்படித்தான் கூப்பிடுகிறார். நான் பல் மருத்துவமனையில் டாக்டருக்குப் பக்கத்தில் நின்று சாமான் எடுத்துக் கொடுக்கிறவள். "நீயும் குழியைத்தான் பாக்குற, நானும் குழியைத்தான் பாக்குறேன். உன் ஆளு கத்துவாரு, என் ஆளு கத்த மாட்டாரு, அவ்ளோதான்" என்பார் அண்ணி.

இந்தப் பட்டாளத்துப் பைத்தியம் அவருக்குப் பிடித்தது அந்தப் பட்டறையில்தான். வண்டியிலிருந்து வடிகிற பழைய எண்ணெயைப் பிடிக்க அங்கே ஓர் இரும்புச் சட்டி கிடந்தது. எல்லாரும் அதைக் காலால் தள்ளித் தள்ளித்தான் பயன்படுத்தினார்கள். ஒருநாள் அதைக் கழுவப் போன அண்ணி, சட்டிக்கு எதற்குப் பக்கவாட்டில் ஆணித் துளை என்று யோசித்திருக்கிறார். கவிழ்த்துப் பார்த்தால் அது ராணுவத் தலைக்கவசம். புதுச் சட்டி ஒன்று வாங்கி வைத்துவிட்டு அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தார். எண்ணெய்க் கசடை எடுத்து, மேலே யாரோ அடித்திருந்த நீலப் பெயிண்டைத் துளித்துளியாகச் சுரண்டினார். சுரண்ட என் மருத்துவமனையில் ஒதுக்கிப் போட்ட கொக்கி ஊசிகளைத்தான் கொடுத்தேன். அடியில் பச்சை நிறமும், தேய்ந்துபோன ஒரு சின்னமும் தெரிந்தபோது அண்ணி வீடே கேட்கும்படி கூவினார். பால் பொங்கி வழிகிறதோ என்று அண்ணன் அடுப்படிக்கு ஓடினான்.

அதற்குப் பிறகு மாடி அறை எங்களுடையதாக இல்லை. தகரத் தண்ணீர்க் குடுவைகள், சாப்பாட்டு டப்பாக்கள், முள் சிக்கிக்கொண்ட திசைகாட்டிகள், விசில்கள், தோள்பட்டைச் சின்னங்கள். சட்டைப் பொத்தான்களை முட்டை அட்டையில் குழிக்கு ஒன்றாக வைத்திருக்கிறார். அண்ணன் ஒருமுறை முட்டை என்று நினைத்து எடுத்துக்கொண்டு போய்விட்டான். துப்பாக்கி, கத்தி எதையும் அண்ணி வாங்க மாட்டார். "கொல்றதுக்குன்னு செஞ்சது வேண்டாம். ஆளு கூடவே இருந்தது எதுவோ அது போதும்" என்பார். ஒவ்வொரு சாமானிலும் நூலில் கட்டிய ஒரு சீட்டு தொங்கும். அது என்ன, எங்கே கிடைத்தது, தான் அதில் என்ன செய்தேன் என்று எழுதியிருப்பார். ஒரு திருகாணி மாற்றினால்கூட சீட்டில் வந்துவிடும்.

அவருடைய கண்ணுக்கு ஓர் உதாரணம் சொல்கிறேன். பழைய சாமான் சந்தையில் ஒருவர் இருக்கிறார், கழுத்து நிறைய மணி போட்டிருப்பதால் நாங்கள் 'மணிக்காரர்' என்போம். நல்ல மனிதர்தான், வாய் மட்டும் கொஞ்சம் நீளம். அவர் ஒருநாள் துருப்பிடித்த தலைக்கவசம் ஒன்றை நீட்டி, போரில் கிடந்தது, மண்ணைத் தோண்டி எடுத்தது என்று கதை அளந்துகொண்டிருந்தார். அண்ணி தாடைப் பட்டையை மட்டும் திருப்பிப் பார்த்தார். பட்டையில் இருந்த எல்லாத் துளையும் ஒரே மாதிரி தேய்ந்திருந்தது.

"இதைப் போட்டவருக்கு மொத்தம் எத்தனை தாடைங்க?" என்று கேட்டார் அண்ணி.

"என்னம்மா கேக்குற?"

"ஒருத்தன் மாட்டுனா ஒரு ஓட்டைதானே தேயும்? இது வரிசையா எல்லாம் தேஞ்சிருக்கே. நேத்து உக்காந்து யாரோ குடைஞ்சிருக்காங்க."

மணிக்காரர் சிரித்து மழுப்பினார். போகிற போக்கில், "நீ இவ்ளோ கைவேலை தெரிஞ்சவ. நீயே புதுசை பழசாக்கிக் குடுத்தா நாம ரெண்டு பேரும் எங்கேயோ போயிடலாம்" என்றார். அண்ணியின் முகம் மாறிவிட்டது. "பழசை அழுக்கெடுத்துத் தருவேன். புதுசுக்கு வயசு ஏத்த மாட்டேன். ஒருத்தர் பட்டதைப் படாத நான் எப்படிப் போடுறது?" என்றார். சந்தையில் அத்தனை பேர் முன்னால் அப்படிப் பேசினார். நான் பக்கத்தில் நின்றுகொண்டு, ஏதோ நானே பேசியதுபோல நிமிர்ந்துகொண்டேன்.

இதை நன்றாக நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். இந்தப் பேச்சுதான் பின்னால் அவர் கழுத்தைப் பிடித்தது.

பட்டறைக்குக் கார் கொண்டுவந்த ஒரு பெண், அண்ணியின் பைத்தியத்தைப் பற்றிக் கேள்விப்பட்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். கையில் துண்டில் சுற்றிய ஒரு பியூகிள், பட்டாளத்துப் பித்தளை ஊதுகொம்பு. அவருடைய அப்பா ராணுவ பேண்டில் காலமெல்லாம் அதை ஊதியவர். ஓய்வு பெறும்போது, கழித்துப் போட்ட சாமான்களோடு ஏலத்துக்குப் போனதை விடாமல் எடுத்து வைத்துக்கொண்டாராம். பழைய பேண்ட்காரர்கள் வருடத்துக்கு ஒருமுறை கூடுவார்கள். சாயங்காலம் கொடி இறக்கும்போது பெரியவர்தான் ஊதுவார். அவர் மகள் வீட்டோடு வந்து சேர்ந்தபோது சாமான் இறக்குகையில் பியூகிள் லாரியிலிருந்து விழுந்து வளைவில் நசுங்கிவிட்டது. அதற்குப் பிறகு கூட்டத்தில் யாரோ செல்போனில் பதிவை ஓடவிட்டு ஒலிபெருக்கியில் பிடிக்கிறார்களாம். பெரியவர் தலையைக் குனிந்துகொண்டு நிற்கிறாராம்.

"இந்த வருஷம் போகவே மாட்டேங்கிறாரு. ஊதாதவனுக்கு அங்க என்ன வேலைன்னு கேக்குறாரு. நீங்க சரி பண்ணிட்டீங்கன்னா சொல்லாம கொள்ளாம கையில குடுத்துடலாம்னு பாக்குறேன்" என்றார் மகள்.

அண்ணி அதை மடியில் வைத்துக்கொண்டு விரலால் வளைவைத் தடவினார். "இது எப்படி விழுந்துச்சு?" என்று கேட்டார்.

"லாரியிலேர்ந்து. நான்தான் சொன்னேனே."

சாதாரணமாக அண்ணி இதோடு விடுகிறவர் இல்லை. கொண்டுவந்தவரைக் கேட்டால் போதாது, பயன்படுத்தியவரைக் கேட்க வேண்டும் என்பது அவர் வைத்திருக்கிற சட்டம். ஆனால் இது பெரியவருக்குத் தெரியக் கூடாத விஷயம். அதனால் கேட்கவில்லை.

வேலையைத் தொடங்கும் முன் ஒடுக்கை அச்செடுத்து, அதில் பிளாஸ்டர் ஊற்றி வைத்துக்கொண்டார். பல் அச்சு எடுக்கிற பொடி, தேதி முடிந்த டப்பா, என் உபயம். பிறகு பழைய பேரிங்குகளிலிருந்து எடுத்த எஃகுக் குண்டுகளைச் சிறியதிலிருந்து பெரியதாகக் குழாய்க்குள் விட்டு, உள்ளே குண்டு நிற்க, வெளியே சின்னச் சுத்தியலால் தட்டினார். சத்தம் ஒரே சீராக வந்துகொண்டிருந்தது. மூக்கு நுனியில் வியர்வை சொட்டியதைக்கூடத் துடைக்கவில்லை. முடிந்தபோது அந்த வளைவில் ஒடுக்கு இருந்தது என்று சத்தியம் செய்தாலும் யாரும் நம்ப மாட்டார்கள். பித்தளையை மெருகேற்றவில்லை, பழைய நிறம் அப்படியே இருந்தது. நான் விசில் அடித்தேன். அண்ணன்கூட, "இங்க பாரேன், என் பொண்டாட்டி!" என்றான்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூட்டம் என்கிற நிலையில் மகள் பெரியவரை ஏதோ சாக்குச் சொல்லி அழைத்துவந்தார். ஒல்லியான மனிதர், முதுகு மட்டும் இன்னும் வளையவில்லை. பியூகிளைப் பார்த்ததும் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். அண்ணியின் முகத்தில் அப்போது இருந்த வெளிச்சத்தை நான் மறக்க மாட்டேன்.

பெரியவர் உதட்டில் வைத்து ஊதினார். முதல் சுரங்கள் கணீரென்று வந்தன. மேலே ஏறி நிற்க வேண்டிய இடத்தில் சுரம் வழுக்கிப் போயிற்று. மறுபடி ஊதினார். அதே இடத்தில் அதே வழுக்கல். அவருடைய கட்டை விரல் வளைவின் மேல் அங்குமிங்கும் போய்க்கொண்டிருந்தது.

"ரொம்ப நல்லா பண்ணிருக்கீங்கம்மா. எனக்குத்தான் பழக்கம் விட்டுப்போச்சு" என்றார்.

மரியாதைக்காகச் சொல்கிறார் என்று எனக்கே தெரிந்தது. அண்ணிக்குத் தெரியாமல் போகுமா?

"ஐயா, விரல்ல என்ன தேடுறீங்க?"

"ஒண்ணுமில்லம்மா."

"சொல்லுங்கய்யா. எனக்குத் தெரியணும்."

அவர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். பேண்டில் சேர்ந்த புதிதில், மழையில் லாரியிலிருந்து குதிக்கும்போது வழுக்கி விழுந்து, பியூகிளின் வளைவு லாரியின் பின்கதவில் இடித்துவிட்டது. பேண்ட் மாஸ்டர் அதைச் சரிசெய்ய அனுப்பவில்லை. "நீ போட்ட ஒடுக்கு, அதையும் சேர்த்து நீயே ஊது" என்று சொல்லிவிட்டார். அந்த இடத்தில் காற்று லேசாகத் தடுக்கும். அதைத் தள்ளி ஊத ஒரு மூச்சு அதிகம் வேண்டும். ஊதி ஊதி அந்தக் கூடுதல் மூச்சே அவருடைய ஊதலாகிவிட்டது. தூரத்தில் கேட்டாலே, அந்த ஒரு திக்கலை வைத்து, ஊதுவது யார் என்று பேண்டில் எல்லாருக்கும் தெரியுமாம்.

"இப்ப தடை இல்ல. நான் தள்ளுற மூச்சு எங்கேயோ போயிடுது. இனிமே இந்த உதட்டைப் புதுசாப் பழக்க முடியாதும்மா" என்றார்.

மகள் வாயைப் பொத்திக்கொண்டார். "எனக்குத் தெரியாதுப்பா. புதுசா விழுந்ததுன்னே நெனச்சேன்" என்றார். எனக்கு அந்தப் பெண்மேல் கோபம் கோபமாக வந்தது. நியாயமில்லாத கோபம்தான், ஆனாலும் வந்தது. பெரியவர் பியூகிளை மேசைமேல் வைத்துவிட்டு, கூட்டத்துக்குப் போகப் போவதில்லை என்று அமைதியாகச் சொல்லிவிட்டுக் கிளம்பினார். எடுத்துக்கொண்டு போகவே இல்லை.

அண்ணி அலமாரியிலிருந்து அந்தப் பிளாஸ்டர் அச்சை எடுத்து ஜன்னல் வெளிச்சத்தில் வைத்தார். இப்போது பார்த்தால் குருடனுக்கும் தெரியும். அகலமான, ஓரம் மழுங்கிய ஒரு பள்ளம். அதற்குள்ளே கூரான இன்னொன்று. ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு ஒடுக்குகள். உள்ளே இருந்தது மட்டும்தான் மகள் சொன்ன, சாமான் இறக்குகையில் விழுந்தது. வெளியே இருந்தது பெரியவரின் வாழ்க்கை.

"தடவிப் பாத்தப்ப தெரிஞ்சுது. ஓரம் வழவழன்னு இருந்துச்சு. ஆனா ஒடுக்கைப் பாத்தா என் கைக்கு எடுக்கத்தான் தெரியுது. நிறுத்தத் தெரியல. வண்டிக் கதவுன்னு நெனச்சுட்டேன்" என்றார் அண்ணி. அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

அண்ணன் ஆறுதல் சொல்ல வந்தான். "இதுக்கு ஏன் இப்படி உக்காந்திருக்க? அச்சு இருக்குல்ல. அதைப் பாத்து அந்தப் பெரிய ஒடுக்கை மட்டும் திரும்பப் போட்டுடு. உன் கைக்கு அது ஒரு வேலையா? யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியுமேங்க."

"அந்தாளு ஊதணுமா வேண்டாமா?"

"ஊதணும். ஆனா நான் போட்டா அது பொய் ஒடுக்கு. மணிக்காரர் பட்டையில ஓட்டை போட்ட மாதிரிதான். அதைத் தொட்டுத் தொட்டு அவரு ஊதுவாரு, அது நான் செஞ்ச பொம்மைன்னு எனக்கு மட்டும் தெரிஞ்சுகிட்டே இருக்கும். முடியாதுங்க."

நான் அண்ணன் பக்கம்தான் பேசினேன். கொள்கை எல்லாம் சந்தையில் பேச நன்றாக இருக்கும், ஒரு வயதானவர் வீட்டில் சுருண்டு படுத்திருக்கிறார் என்று கத்தினேன். அண்ணி பதிலுக்குக் கத்தவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. எங்கள் சண்டையில் அவர் ஒருபோதும் கடன் வைத்ததில்லை.

மறுநாள் பட்டறைக்கு லீவு சொன்னார். காலையில் என்னையும் இழுத்துக்கொண்டு பெரியவர் வீட்டுக்குப் போனார். ஒரு பையில் பியூகிள், ஒரு பையில் சுத்தியல், தோல் துண்டு, பட்டறையிலிருந்து இரவல் வாங்கிய மரக்கட்டை. பெரியவர் வாசல் அறையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அண்ணி எதிரில் தரையில் உட்கார்ந்து, கட்டையின்மேல் தோலைப் போட்டு, அதன்மேல் பியூகிளின் வளைவைப் படுக்க வைத்தார்.

"ஐயா, தப்பு என்னோடது. கேக்காம எடுத்துட்டேன். ஆனா அதை நான் திரும்பப் போட முடியாது. அது உங்க ஒடுக்கு. நீங்கதான் போடணும்" என்று சுத்தியலை நீட்டினார்.

பெரியவர் சுத்தியலையும் பியூகிளையும் மாறி மாறிப் பார்த்தார். "வேணும்னே அடிக்கச் சொல்றியாம்மா? அன்னிக்கு வழுக்கி விழுந்தேன். இது பெத்த பிள்ளையைக் கூப்பிட்டு வெச்சு அடிக்கிற மாதிரி இருக்கு."

"எடம் உங்க விரலுக்குத் தெரியும்ல?"

தெரிந்தது. கட்டை விரலை வைத்துப் பார்த்து, நகத்தால் ஓர் அடையாளம் போட்டார். நாற்காலியிலிருந்து இறங்கி அண்ணிக்கு எதிரில் தரையில் உட்கார்ந்தார். சுத்தியலை ஓங்கி, கடைசி நேரத்தில் கையை இளக்கி, பூப்போலத் தட்டினார். ஒன்றும் ஆகவில்லை.

"தாலாட்டாதீங்கய்யா" என்றார் அண்ணி.

மகள் சிரித்துவிட்டார். பெரியவரும் சிரித்தார். சிரித்த அதே வேகத்தில் ஓங்கி ஓர் அடி. வளைவு சத்தத்தோடு உள்ளே போயிற்று. அண்ணி இரண்டு கையாலும் பியூகிளை அசையாமல் பிடித்துக்கொண்டிருந்தார். வாழ்நாளெல்லாம் ஒடுக்கு எடுத்த கை, ஒடுக்கு விழப் பிடித்துக்கொண்டிருந்தது.

பெரியவர் ஊதிப் பார்த்தார். பாதி தடுத்தது, பாதி வழுக்கியது. "இன்னும் கொஞ்சம் உள்ள போகணும்" என்று அவரே சொல்லி அவரே இன்னொரு தட்டு தட்டினார். இப்போது யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. மறுபடி ஊதினார். சுரம் மேலே ஏறியது, ஏறுகிற இடத்தில் ஒரு நொடி திக்கியது, திக்கியதைத் தள்ளிக்கொண்டு போய் நின்றது. நின்றது என்றால் சுவர் நின்றதுபோல நின்றது. மகள் அடுப்படி வாசலில் நின்று அழுதார். எனக்கும் அழுகை வந்தது, சொல்ல என்ன வெட்கம்.

அண்ணி அங்கேயே உட்கார்ந்து சீட்டு எழுதிக் கட்டினார். 'வளைவில் ஒடுக்கு. முதல் முறை விழுந்தது, இரண்டாம் முறை அடித்தது. இரண்டும் உடையவர் கையால். இடையில் தவறாக எடுத்தவள் நான்' என்று எழுதியிருந்தது. கடைசி வரி எதற்கு என்று கேட்டேன். "நான் செஞ்சதை எழுதாம வேற யாரு செஞ்சதை எழுதுறது?" என்றார்.

ஞாயிறு சாயங்காலம் நாங்கள் மூவரும் அந்த மைதானத்தின் ஓரத்தில் நின்றோம். அண்ணன் இஸ்திரி போட்ட சட்டையில் வந்திருந்தான். வெள்ளை முடியும் வழுக்கைத் தலையுமாக வரிசையில் நின்றவர்கள், யாரும் சொல்லாமலே முதுகை நிமிர்த்தினார்கள். கொடி இறங்க ஆரம்பித்ததும் பெரியவர் ஊதினார். ஒலிபெருக்கி இல்லை, ஒன்றும் இல்லை. அந்தத் திக்கல் வந்த இடத்தில் வரிசையில் கடைசியாக நின்ற கனத்த மனிதர் ஒருவர், பக்கத்து ஆளின் கையைச் சட்டென்று பிடித்துக்கொண்டதை நான் பார்த்தேன்.

முடிந்ததும் எல்லாரும் பெரியவரை மொய்த்துக்கொண்டார்கள். அந்தக் கனத்த மனிதர் பியூகிளைப் பிடுங்காத குறையாக வாங்கி, கட்டை விரலை வளைவில் வைத்தார்.

"டேய், ரிப்பேருக்குக் குடுத்தேன்னு சொன்ன? இது அப்படியே இருக்கேடா! எவனாவது எடுத்துருப்பான்னு பயந்தேன். ரிப்பேர் பண்ணவன் நல்ல வெவரமான ஆளு."

பெரியவர் எங்களைப் பார்த்தார். அண்ணி சும்மா இருந்திருந்தால் அந்தப் புகழ் அப்படியே அவர் பெயரில் போய்ச் சேர்ந்திருக்கும். நான் அவர் கையைக்கூட அழுத்தினேன், பேசாமல் இருங்கள் என்று. கையை உதறிவிட்டு முன்னால் போனார்.

"ரிப்பேர் பண்ணது நான்தாங்க. நான் எடுத்துட்டேன். ஐயாதான் திரும்பப் போட்டாரு" என்றார்.

ஒரு நிமிடம் யாருக்கும் புரியவில்லை. பெரியவர் நடந்ததைச் சொன்னார், சுத்தியலை ஓங்கிய மாதிரியே காட்டிச் சொன்னார். 'தாலாட்டாதீங்க' என்ற இடத்தில் மைதானமே சிரித்தது. கனத்த மனிதர் மட்டும் சிரிக்கவில்லை. அண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு தன் தோளிலிருந்த பையைக் கழற்றி, உள்ளேயிருந்து ஒரு தகரத் தண்ணீர்க் குடுவையை எடுத்தார். உறை கிழிந்திருந்தது, மூடி துருவேறியிருந்தது, பக்கவாட்டில் ஒரு பெரிய ஒடுக்கு.

"இதை எந்தக் கடையிலயும் நான் குடுத்தது இல்ல. நீங்க சுத்தம் பண்ணித் தர்றீங்களாம்மா?"

அண்ணி அதை வாங்கினார். அந்தக் கை என்ன செய்யப் போகிறது என்று எனக்குத் தெரியும். ஒடுக்கைத் தடவப் போகிறது. தடவவில்லை. குடுவையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்துக்கொண்டு, அவரை நிமிர்ந்து பார்த்தார்.

"இது எப்படி விழுந்துச்சுங்க?" என்று கேட்டார்.

அவர் சொல்லத் தொடங்கினார். நீளமான கதை என்று முதல் வார்த்தையிலேயே தெரிந்துவிட்டது. அண்ணி மைதானத்தின் கல் படியில் நன்றாகச் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டார். அவருக்குப் பின்னால் இன்னும் நான்கைந்து பேர், தொப்பியையும் விசிலையும் பெல்ட்டையும் கையில் வைத்துக்கொண்டு, தங்கள் முறைக்காக வரிசையாக நின்றார்கள். வீட்டுக்குப் போக நேரமாகும் என்று அண்ணன் முனகினான். வாயை மூடிக்கொண்டு நில், அவர் வேலையில் இருக்கிறார் என்று சொன்னேன்.